ரஷ்யாவில் அன்றாட வாழ்க்கை: சம்பளம், விலைவாசி, வீடு, வட்டி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022-ல் உக்ரைன் போர் தொடங்கி மேற்கு நாடுகள் தடை போட்டதிலிருந்து, ரஷ்யாவைப் பற்றி நம் பக்கம் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டே வகை. "தடை போட்டதில் ரஷ்யா நொறுங்கிப்போச்சு" என்பது ஒன்று. "மேற்கு நாடுகளையே ரஷ்யா மண்ணைக் கவ்வ வைத்துவிட்டது" என்பது இன்னொன்று. ரஷ்யர்கள் இரண்டையும் கேட்டுவிட்டு வெண்ணெய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சிலிருந்து எடுத்த கேள்விகள்தான் கீழே உள்ளவை. தொகைகள் 2025 முடிவு வரையிலான நிலவரம். ரூபாயும் ரூபிளும் ஏறக்குறைய ஒரே மதிப்பு, ரூபிள் கொஞ்சம் மேல். அதனால் மனக்கணக்குப் போடுவது நமக்குச் சுலபம்.

இத்தனை தடைகள் போட்டும் கடைகள் நிறைந்திருக்கின்றன. அப்படியானால் தடைகள் தோல்விதானே?

கடை அலமாரியை வைத்துத் தடைகளை அளக்க முடியாது. ரஷ்யா உலகிலேயே அதிகமாகக் கோதுமை ஏற்றுமதி செய்யும் நாடு. கோழி, பன்றி இறைச்சி, சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் சொந்த உற்பத்தி. 2014 ஆகஸ்டில், உக்ரைன் விவகாரத்தில் தன் மேல் விழுந்த தடைகளுக்குப் பதிலடியாக, மேற்கு நாடுகளின் உணவுப் பொருட்களுக்கு ரஷ்யாவே தடை விதித்ததால், பாலாடைக்கட்டி முதல் தக்காளி வரை உள்ளூரில் தயாரிக்கப் பழகிவிட்டார்கள். 2022 மார்ச்சில் சில வாரங்கள் சர்க்கரைக்கும், கிரேச்கா என்கிற பக்வீட் தானியத்துக்கும் தள்ளுமுள்ளு நடந்தது உண்மை. எந்த நெருக்கடி வந்தாலும் ரஷ்யர்கள் முதலில் மூட்டை கட்டுவது கிரேச்காவைத்தான். அப்புறம் அது அடங்கிவிட்டது.

தடைகள் வலிப்பது வேறு இடங்களில். விமான உதிரிபாகம், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் கமிஷன், தள்ளுபடியில் விற்க வேண்டிய கச்சா எண்ணெய், கார் விலை என்று அது பரவிக் கிடக்கிறது. மொத்த உற்பத்தி 2022-ல் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தது. 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் 4 சதவீத அளவில் வளர்ந்தது. இந்த வளர்ச்சியைக் காட்டித்தான் "பார்த்தீர்களா" என்கிறார்கள். ஆனால் டாங்கியும் பீரங்கிக் குண்டும் உற்பத்திக் கணக்கில் சேரும் என்பதை மறக்கக் கூடாது. 2025 பட்ஜெட்டில் ராணுவத்துக்கு மட்டும் 13.5 டிரில்லியன் ரூபிள், அதாவது மத்திய அரசுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு. போர்ச் செலவு தந்த வேகம் 2025-ல் தணிந்து, வளர்ச்சி ஒரு சதவீத அளவுக்கு இறங்கியது.

மாஸ்கோ சூப்பர்மார்க்கெட்டில் எல்லாமே அடிமாட்டு விலை என்று ஒரு அமெரிக்கர் வீடியோ போட்டாரே?

டிவி தொகுப்பாளர் டக்கர் கார்ல்சன். 2024 பிப்ரவரியில் புதினைப் பேட்டி எடுக்க வந்தவர், ஒரு பெரிய கடையில் வண்டி நிறைய மளிகை வாங்கினார். 400 டாலர் ஆகும் என்று அவர் குழுவினர் நினைத்தார்களாம், 104 டாலர்தான் ஆனது. அதைப் பார்த்துத் தன் நாட்டுத் தலைவர்கள் மேல் கோபம் வருகிறது என்றார்.

வெளிநாட்டவருக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடக்கும் வாக்குவாதம் மொத்தமும் இந்த ஒரு பில்லில் அடங்கிவிடும். அன்றைய மாற்று விகிதத்தில் 104 டாலர் என்றால் சுமார் 9,500 ரூபிள். அப்போது சராசரி ஓய்வூதியம் மாதம் 21,000 ரூபிளை ஒட்டி இருந்தது. ஒரு பாட்டிக்கு அந்த ஒரு வண்டி மளிகையே பாதி மாத வருமானம். டாலரில் சம்பாதித்து ரூபிளில் செலவழிப்பவருக்கு ரஷ்யா மலிவுதான். ரூபிளில் சம்பாதிப்பவருக்கு அந்த வீடியோ எரிச்சல்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு நடக்கிறது. "ரஷ்யச் சம்பளம் ஆயிரம் டாலர்தானே, பிச்சைக்காரர்கள்" என்று ஐரோப்பாவில் உட்கார்ந்து சொல்பவர்கள், அங்கே பெரும்பாலோர் வாடகை கட்டுவதில்லை, வீட்டைச் சூடாக்கும் செலவு ஜெர்மனியைவிட எவ்வளவோ குறைவு, மெட்ரோவும் இணையமும் மலிவு என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. வாங்கும் திறன் அடிப்படையில் ரஷ்யா ஜப்பானைத் தாண்டி நான்காம் இடத்தில் இருப்பதாக உலக வங்கி 2024-ல் திருத்திய கணக்கு சொன்னது. அது நாட்டின் மொத்த அளவு. அதைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் அந்த வரிசை வேறு மாதிரி ஆகிவிடும்.

சராசரிச் சம்பளம் ஒரு லட்சம் ரூபிளாமே?

2024-ல் 88,000 அளவில் இருந்தது, 2025-ல் ஒரு லட்சத்தை எட்டிவிட்டது. இந்தச் செய்தி டிவியில் வரும்போதெல்லாம் மாகாணங்களில் இருப்பவர்கள், "என் பங்கை யார் வாங்கிக்கொண்டார்கள்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

சராசரி என்றாலே மேல்தட்டின் இழுப்பு இருக்கும். வேலை செய்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தொகைக்குக் கீழேதான் வாங்குகிறார்கள். ஊருக்கு ஊர் வித்தியாசம் இன்னும் பெரிது. மாஸ்கோவைச் சுற்றி ஓடும் வட்டச்சாலை ஒன்று உண்டு, எம்காட் என்பார்கள், சுமார் 109 கிலோமீட்டர். "எம்காடுக்கு அப்பால் உயிரினம் இல்லை" என்பது மாஸ்கோக்காரர்களின் பழைய கிண்டல். அந்தச் சாலைக்குள் வாங்கும் சராசரிச் சம்பளம், காக்கசஸ் பகுதியில் இருக்கும் இங்குஷேத்தியாவின் சராசரியைப்போல மூன்று மடங்குக்கு மேல். சுகோத்கா, யமால் போன்ற வடக்குப் பகுதிகளின் சம்பளம் மாஸ்கோவையே தாண்டும். அங்கே குளிருக்கென்று சட்டப்படி கூடுதல் படி உண்டு. அந்த ஊர்களில் ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிப் பார்த்தால் அந்தப் படி எங்கே போகிறது என்பதும் தெரியும்.

அடிமட்டம் எங்கே இருக்கிறது? 2025-ல் குறைந்தபட்ச ஊதியம் 22,440 ரூபிள், 2026 ஜனவரியிலிருந்து 27,093. நூலகர், மழலையர் பள்ளி ஆயா, சிற்றூர் அஞ்சல் ஊழியர் இதை ஒட்டித்தான் வாங்குகிறார்கள். கவர் சம்பளம் என்ற பழக்கமும் இன்னும் சாகவில்லை. கணக்கில் கொஞ்சம், கையில் ரொக்கமாக மீதி. முதலாளிக்கு வரி மிச்சம். தொழிலாளிக்குப் பின்னாளில் ஓய்வூதியத்தில் அடி.

அரசு சொல்லும் பணவீக்கத்தை மக்கள் நம்புகிறார்களா?

இல்லை. அரசுப் புள்ளிவிவரத் துறையான ரோஸ்ஸ்டாட் 2023-க்கு 7.4 சதவீதம், 2024-க்கு 9.5 சதவீதம் என்றது. மத்திய வங்கியே மாதாமாதம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தி, "உங்களுக்கு எவ்வளவு ஏறியதாகத் தெரிகிறது?" என்று மக்களைக் கேட்கிறது. 2025-ல் அதற்கு வந்த பதில் 14 முதல் 16 சதவீதம் வரை. அரசு பொய் சொல்கிறது என்று இதை வைத்தே முடிவுகட்ட வேண்டியதில்லை. டிவி, சட்டை, விமான டிக்கெட் எல்லாம் கலந்தது அரசுக் கூடை. தினமும் வாங்கும் பொருள் எதுவோ, அதன் விலைதான் மக்கள் நினைவில் நிற்கும்.

அந்தப் பொருட்கள் எப்படி ஏறின என்று பாருங்கள். 2023 கடைசியில் முட்டை விலை ஒரே ஆண்டில் 60 சதவீதம் எகிறியது. அந்த டிசம்பரில் நேரலை நிகழ்ச்சியில் ஒரு ஓய்வூதியக்காரப் பெண்மணி கேட்க, புதின் மன்னிப்புக் கேட்டார். அவர் எதற்கும் லேசில் மன்னிப்புக் கேட்கிறவர் இல்லை. 2024-ல் வெண்ணெய் முறை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியதில் சில கடைகள் வெண்ணெய்க் கட்டிகளைத் திருட்டுத் தடுப்புப் பெட்டிக்குள் வைத்து விற்றன. அதே ஆண்டு விளைச்சல் கெட்டு உருளைக்கிழங்கு விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. பெலாரூசிலும் உருளைக்கிழங்கு தீர்ந்துவிட்டதாக அந்நாட்டு அதிபர் லுகஷென்கோ தன்னிடம் சொன்னார் என்று 2025 மே மாதம் புதினே ஒரு கூட்டத்தில் பேசினார்.

ஆண்டுக் கடைசியில் பத்திரிகைகளில் ஆலிவியே குறியீடு வரும். ஆலிவியே என்பது புத்தாண்டு இரவில் எல்லா வீட்டிலும் செய்யும் சாலட். வேகவைத்த உருளைக்கிழங்கு, காரட், முட்டை, பட்டாணி, ஊறுகாய் வெள்ளரி, வேகவைத்த சாசேஜ், மயோனைஸ். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு கிண்ணம் செய்ய எவ்வளவு ஆகிறது என்று ஆண்டுதோறும் கணக்குப் போட்டுச் சண்டை போடுவார்கள். போர்ஷ்ட் சூப்புக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. பொருளாதார நிபுணர்கள் சிரிக்கலாம். எனக்கென்னவோ மொத்தக் குறியீட்டைவிட இந்தக் கிண்ணக் கணக்குதான் வீட்டு நிலவரத்தை நன்றாகச் சொல்வதாகப் படுகிறது.

வட்டி 21 சதவீதம் வரை போனதாமே? யாருக்கு லாபம்?

மத்திய வங்கியின் அடிப்படை வட்டி 2023 ஜூலை வரை 7.5 சதவீதமாக இருந்தது. அதை 2024 அக்டோபரில் 21 வரை ஏற்றினார்கள். 2025 ஜூனில் இறக்கத் தொடங்கி, டிசம்பரில் 16-க்குக் கொண்டுவந்தார்கள். 2013 முதல் தலைவராக இருக்கும் எல்விரா நபியுல்லினாவின் வாதம் நேரானது. அரசு போருக்குப் பணத்தைக் கொட்டுகிறது, வேலைக்கு ஆள் இல்லாமல் சம்பளம் ஏறுகிறது, பொருள் அதே அளவுதான் இருக்கிறது. கடனை இறுக்காவிட்டால் விலை பிய்த்துக்கொண்டு போகும்.

லாபம் சேமிப்பு வைத்திருப்பவர்களுக்கு. வங்கிகள் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி தந்த காலத்தில் வேலையை விட்டுவிட்டு வட்டியில் வாழலாமா என்று கணக்குப் போட்டவர்கள் நிறைய. மக்களின் வைப்புத்தொகை 2024 முடிவில் 50 டிரில்லியன் ரூபிளைத் தாண்டியது. நஷ்டம் சிறுதொழில்காரர்களுக்கு. 25 சதவீத வட்டியில் இயந்திரம் வாங்கி எதை விற்றுக் கடனை அடைப்பது? பெரிய உருக்காலை அதிபர்களே நபியுல்லினாவை வெளிப்படையாகத் திட்டினார்கள். அவர் அசையவில்லை.

ரஷ்யர்கள் பெரும்பாலோருக்குச் சொந்த வீடு உண்டு என்கிறார்கள். அப்புறம் ஏன் வீட்டுக்கடன் பற்றி ஓயாமல் புலம்புகிறார்கள்?

சொந்த வீடு இருப்பது பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும். சோவியத் அரசு ஒதுக்கிய குடியிருப்புகளை 1991 சட்டப்படி அதில் வசித்தவர்களுக்கே இலவசமாக எழுதிக் கொடுத்தார்கள். குருஷேவ் காலத்து ஐந்து மாடிக் கட்டடத்தில், லிஃப்ட் இல்லாத, ஆறு சதுர மீட்டர் சமையலறையுள்ள இரண்டறை வீடு. அது இன்று மூன்று தலைமுறையின் ஒரே சொத்து. கல்யாணம் ஆன பிள்ளைகள் எங்கே போவது?

2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், புது வீடுகளுக்கு 6.5 சதவீத வட்டியில் சலுகைக் கடன் கொடுத்தார்கள். சில மாதங்களுக்கென்று வந்த திட்டம் நான்கு ஆண்டு ஓடி 2024 ஜூலை 1-ல்தான் நின்றது. அதற்குள் வட்டியில் கிடைத்த மிச்சத்தை வீட்டு விலை விழுங்கிவிட்டது. கட்டுமான நிறுவனங்கள் கொழுத்தன. பீட்டர்ஸ்பர்க் ஓரத்தில் மூரினோ என்ற இடத்தைப் போய்ப் பார்த்தால் தெரியும். இருபத்தைந்து மாடி அடுக்குகள், 20 சதுர மீட்டர் வீடுகள், காரை நிறுத்த இடம் கிடையாது.

இப்போது நிலைமை என்ன? சின்னக் குழந்தை உள்ள குடும்பங்களுக்கு 6 சதவீதக் கடன் தொடர்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோருக்குச் சந்தை வட்டி. அது 2024 கடைசியில் 25 சதவீதத்தைத் தாண்டியது. 60 லட்சம் ரூபிளை இருபது ஆண்டில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். 6 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 43,000. 25 சதவீதத்தில் 1,26,000. ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டில் இருக்கும் இருவருக்கு இந்த வித்தியாசம். ஒருவர் 2021-ல் வாங்கினார், மற்றவர் காத்திருந்தார். சலுகைக்காகவே குழந்தை பெறுகிறோம் என்று பாதி விளையாட்டாக, பாதி நிஜமாகச் சொல்லும் தம்பதிகள் உண்டு. முதல் குழந்தைக்கே அரசு தரும் தாய்மை மூலதனம் 2025-ல் 6,90,000 ரூபிளாக இருந்தது. அதில் பெரும்பகுதி வீட்டுக்கடனுக்குத்தான் போகிறது.

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு?

பழைய நகரங்களில் ஒரு பேட்டைக்கே பொதுவான கொதிகலன் நிலையத்திலிருந்து குழாய் வழியே வெந்நீர் வந்து வீட்டைச் சூடாக்கும். தொடர்ந்து ஐந்து நாள் சராசரி வெப்பம் 8 டிகிரிக்குக் கீழே போனால்தான் திறப்பார்கள். நமக்குக் குளிர்கிறது என்று முன்கூட்டியே போட முடியாது. போட்ட பிறகு பல வீடுகளில் குறைக்கவும் முடியாது. வெளியே மைனஸ் 20, உள்ளே பனியன் போட்டுக்கொண்டு சன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள். கோடையில் குழாய்களைச் சோதிக்க இரண்டு வாரம் வரை வெந்நீரை நிறுத்துவார்கள். அந்த நாட்களில் தலைக்குளியல் வாளியும் செம்புமாகத்தான்.

பில் வருமானத்தோடு ஒப்பிட்டால் தாங்கக் கூடியது. வருமானத்தில் 22 சதவீதத்துக்கு மேல் போனால் மானியம் கேட்கலாம். ஆனால் கட்டணம் 2025 ஜூலையில் சராசரியாக 11.9 சதவீதம் ஏறியது. குழாய்களோ சோவியத் காலத்தவை. 2024 ஜனவரியில், கடும் உறைபனியில், மாஸ்கோவை ஒட்டிய பதோல்ஸ்க் நகரின் கிளிமோவ்ஸ்க் பகுதியில் கொதிகலன் நின்று ஆயிரக்கணக்கானோர் நாள்கணக்கில் நடுங்கினார்கள். கொதிகலன் இருந்தது ஒரு தோட்டாத் தொழிற்சாலை வளாகத்தில். "தோட்டாவுக்குப் பணம் இருக்கிறது, குழாய்க்கு இல்லை" என்ற பேச்சு அப்போது எழுந்தது.

வேலையில்லாத் திண்டாட்டமே இல்லை என்பது உண்மையா?

வேலையின்மை 2.5 சதவீதத்துக்கும் கீழே. இதுவரை இல்லாத அளவு. கேட்க நன்றாக இருக்கிறது, காரணங்கள் அவ்வளவு நன்றாக இல்லை. 1990-களில் பிறப்பு விகிதம் சரிந்ததால் இன்று முப்பதை ஒட்டிய வயதில் ஆட்கள் குறைவு. 2022 செப்டம்பரில் 3 லட்சம் பேரைப் படைக்கு அழைத்தார்கள், அதற்குப் பயந்து லட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டே போனார்கள். மிச்சமிருப்பவர்களை ஆயுதத் தொழிற்சாலைகள் மூன்று ஷிப்டுக்கு இழுக்கின்றன. கட்டட வேலைக்கு வந்துகொண்டிருந்த தஜிக், உஸ்பெக் தொழிலாளர்களை 2024 மார்ச்சில் மாஸ்கோவை ஒட்டிய குரோக்கஸ் இசை அரங்கில் நடந்த, தஜிக்குகள் கைதான பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு கெடுபிடி விரட்டுகிறது. ஆள் இல்லை என்று புலம்புவதும், வந்த ஆளைத் துரத்துவதும் ஒரே அரசு செய்வதுதான்.

இதனால் சம்பள ஏணியே தலைகீழானது. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் கூரியர் மாஸ்கோவில் பள்ளி ஆசிரியரைவிடக் கூடுதலாக வாங்க முடிகிறது. வெல்டர், லேத் ஆபரேட்டர், லாரி ஓட்டுநர் ஆகியோருக்கு நல்ல காலம். 2025-ல் இதுவும் மெல்ல மாறியது. சில கார் ஆலைகள் வாரம் நான்கு நாள் வேலைக்கு இறங்கின.

போரால் சாமானியர்களுக்கே பணம் வந்ததா?

வந்தது, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. படையில் ஒப்பந்தம் போட்டால் மத்திய அரசு தரும் தொகை 2024 ஜூலையில் 4 லட்சம் ரூபிள் ஆக்கப்பட்டது. மாஸ்கோ நகராட்சி அதற்குமேல் 19 லட்சம் தருவதாக அறிவித்தது. மாதம் 30,000 வாங்கும் ஒரு சிற்றூர்க்காரர் பல ஆண்டு உழைத்தாலும் பார்க்காத தொகை இது. ஆள் இறந்தால் குடும்பத்துக்கு வருவது இதைவிடப் பல மடங்கு. துவா, புரியாத்தியா போன்ற ஏழைப் பகுதிகளில் புது வீடு, புது கார், வங்கிக் கணக்கில் புதுப் பணம் தெரிகிறது. கல்லறைகளில் புதுக் குழிகளும் தெரிகின்றன. அங்கே வாழும் பெண்கள் இந்த இரண்டையும் ஒரே பேச்சில் சொல்வார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஏதாவது ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஓய்வூதியத்தில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

தோட்டத்தால். தாச்சா என்கிற ஊர்ப்புறத் துண்டு நிலம், சோவியத் கால அளவுப்படி 600 சதுர மீட்டர். பிப்ரவரியிலேயே சன்னல் ஓரம் பால் பெட்டிகளில் தக்காளி நாற்று முளைத்துவிடும். மே விடுமுறையில் மின்ரயில் முழுக்க நாற்றும் மண்வெட்டியும். ஆகஸ்டில் வெள்ளரி ஊறுகாய், ஜாம், காளான். கிலோவுக்கு என்ன அடக்கம் என்று பார்த்தால் கடையில் வாங்குவதே மலிவு என்று பேரப்பிள்ளைகள் சொல்வார்கள். பாட்டி காதில் போட்டுக்கொள்ள மாட்டார். விலைவாசி பிய்த்துக்கொண்டு போன 1992-ஐக் கண்டவர் அவர்.

ஓய்வு வயதை 2018-ல் ஆண்களுக்கு 60-லிருந்து 65, பெண்களுக்கு 55-லிருந்து 60 என்று படிப்படியாக ஏற்ற முடிவு செய்தார்கள். புதின் மேல் மக்களுக்கு நேரடியாகக் கோபம் வந்த அரிதான தருணம் அது. ஓய்வூதியத்தோடு சேர்த்து வேலைக்கும் போகிறவர்களுக்கு 2016-லிருந்து நிறுத்தி வைத்த ஆண்டு உயர்வை 2025-ல்தான் மீண்டும் தரத் தொடங்கினார்கள்.

டாலர் விலையை ஏன் இவ்வளவு கவனிக்கிறார்கள்?

சூடு கண்டவர்கள். 1991 ஜனவரியில் 50, 100 ரூபிள் நோட்டுகளை மூன்றே நாள் அவகாசத்தில் செல்லாததாக்கினார்கள். நமக்கு 2016 நவம்பர் நினைவுக்கு வரும். 1992 ஜனவரி 2-ல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்ததும் ஒரே ஆண்டில் விலைவாசி இருபத்தைந்து மடங்குக்கு மேல் ஏறி, வாழ்நாள் சேமிப்பு ஒரு ஜோடி பூட்ஸ் விலையானது. 1998 ஆகஸ்ட் 17-ல் அரசு கடனைக் கட்ட முடியாது என்றது. 2014 டிசம்பரில் ஒரே நாளில் ரூபிள் சரிந்து, வட்டியை நள்ளிரவில் 17 சதவீதமாக்கினார்கள். 2022 மார்ச்சில் டாலர் 120 ரூபிள், அதே ஜூனில் 55-க்கும் கீழே. 2024 நவம்பரில் 110-ஐத் தாண்டி, 2025-ல் 80-ஐ ஒட்டி வந்தது. இப்படிக் குலுக்கினால் யார்தான் ஐந்தாண்டுத் திட்டம் போடுவார்கள்? பணம் கைக்கு வந்தால் உடனே வாஷிங் மெஷினோ காரோ வாங்கிவிடுகிற பழக்கத்தை வெளிநாட்டவர் ஊதாரித்தனம் என்கிறார்கள். எனக்கு அது அனுபவம் கற்றுக்கொடுத்த கணக்காகவே தெரிகிறது. 2022 மார்ச்சில் டாலர் கணக்கு வைத்திருந்தவர்களுக்கும் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் எடுக்கக் கட்டுப்பாடு வந்தது. அதனால் வங்கியைவிட அலமாரியை நம்புகிறவர்கள் உண்டு.

வெளிநாட்டுக் கடைகள் போனதில் என்ன மாறியது?

சாப்பாட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. மெக்டொனால்ட்ஸ் 2022 ஜூனில் 'வ்குஸ்னோ இ தோச்கா' ஆனது, பர்கர் பர்கர்தான். மரச்சாமான் கடையான ஐகியா போனதற்குத்தான் நடுத்தர வர்க்கம் நிஜமாக வருந்தியது. துணி, பாத்திரம், செருப்பு எல்லாம் வைல்ட்பெரிஸ், ஓசோன் என்ற இணையக் கடைகளுக்குப் போய்விட்டன. ஒவ்வொரு குடியிருப்பிலும் தரைத்தளத்தில் ஒரு பார்சல் கடை உண்டு. அங்கேயே போட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்.

அடி விழுந்தது காரில். ரெனோ, ஃபோக்ஸ்வாகன், டொயோட்டா ஆலைகள் மூடின. 2022-ல் உள்ளூர்க் காரான லாடா கிராந்தா சில காலம் ஏர்பேக் இல்லாமலே வந்தது. பிறகு ஹவால், செரி, ஜீலி என்று சீனக் கார்கள் சந்தையில் பாதியைப் பிடித்தன. விலையோ 2021-க்கு முந்தைய விலையைப்போல இரண்டு மடங்கு.

வரி?

2001 முதல் எல்லாருக்கும் 13 சதவீத வருமான வரி என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். 2025-லிருந்து அது 13 முதல் 22 வரை ஐந்து படி. ஆண்டு வருமானம் 24 லட்சம் ரூபிளுக்குள் இருந்தால் பழைய 13-தான். எல்லாரையும் தொடுவது மதிப்புக் கூட்டு வரி. 2026 ஜனவரியில் அது 20-லிருந்து 22 ஆனது. பால், ரொட்டி போன்றவற்றுக்கு 10.

சாதாரண ஆட்கள் இதையெல்லாம் வெளிப்படையாகப் பேசுவார்களா?

விலைவாசி, வட்டி, மேயர், சாலைக் குழி பற்றித் தாராளமாகத் திட்டுவார்கள். போர் பற்றி முன்பின் தெரியாதவரிடம் பேச மாட்டார்கள். ராணுவத்தைப் பற்றிப் "பொய்த் தகவல்" பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்று 2022 மார்ச்சிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆகவே தெருவில் மைக் நீட்டி எடுக்கும் பேட்டிகளை வைத்து ரஷ்யர்கள் இப்படி நினைக்கிறார்கள் என்று எழுதுவது வீண் வேலை. தெருவில் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றவர் தன் வீட்டுச் சமையலறையில் வேறு மாதிரி பேசலாம். அங்கேயும் அதையே சொல்கிறவர்களும் உண்டு, அவர்கள் எண்ணிக்கை குறைவில்லை.

இணையம் வேலை செய்கிறதா?

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் 2022-லிருந்து தடை, யூடியூப் 2024-ல் ஊரத் தொடங்கியது. தடையைச் சுற்றிப் போக உதவும் வி.பி.என். செயலி இல்லாத கைபேசி அபூர்வம். 2025-ல் வாட்ஸ்அப் அழைப்பையும் முடக்கி, மாக்ஸ் என்ற உள்ளூர்ச் செயலியைப் புதுக் கைபேசிகளில் கட்டாயமாக்கினார்கள். ட்ரோன் பயத்தில் பல நகரங்களில் கைபேசி இணையத்தையே அணைக்கிறார்கள். அப்போது டாக்ஸி பிடிப்பதும் கடையில் கார்டு இழுப்பதும் சிரமம்.

படிக்கப் போகும் நம் பிள்ளைகள் பண விஷயத்தில் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

தமிழ்நாட்டிலிருந்து மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் பல ஆண்டுகளாக உண்டு. இந்தியாவில் வாங்கிய விசா, மாஸ்டர் கார்டு எதுவும் அங்கே வேலை செய்யாது. 2022 மார்ச்சில் அந்த நிறுவனங்கள் வெளியேறியதிலிருந்து இதுதான் நிலை. போய் இறங்கியதும் உள்ளூர் வங்கியில் கணக்குத் தொடங்கி, ரஷ்யாவின் சொந்த அட்டையான மீர் கார்டு வாங்க வேண்டும். அதுவரைக்குமான செலவைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். சிம் கார்டுக்கே 2025-லிருந்து குரலும் முகமும் பதிவு செய்யச் சொல்கிறார்கள், சில நாள் இழுக்கும். தங்குமிடப் பதிவை விடுதி அலுவலகம் செய்துவிட்டதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ரூபிள் ஏறி இறங்குவதால் மாதச் செலவு ஓர் ஆண்டில் 30 சதவீதம்கூட மாறும். சென்ற ஆண்டு போன சீனியர் சொன்ன தொகையை அப்படியே நம்ப வேண்டாம்.

வேலை வாங்கித் தருவதாக ஏஜென்ட் அழைக்கிறார். போகலாமா?

ஆள் பற்றாக்குறை நிஜம். இந்தியத் தொழிலாளர்களை எடுக்க ரஷ்யா ஆர்வமாக இருப்பதும் நிஜம். ஆனால் உதவியாளர் வேலை, பாதுகாவலர் வேலை என்று அழைத்துப்போய்ப் போர்முனைக்கு அனுப்பிய சம்பவங்களும் நடந்தன. 2024 மார்ச்சில் இதற்காக சி.பி.ஐ. நடத்திய சோதனைகளில் மதுரையும் சென்னையும் இருந்தன. அந்த ஜூலையில் மாஸ்கோ சென்ற பிரதமர் மோடி புதினிடமே இதைப் பேச வேண்டிவந்தது. இலங்கையிலிருந்து போன முன்னாள் படைவீரர்களும் இதில் சிக்கினார்கள். சுற்றுலா அல்லது மாணவர் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். வேலை விசா, நிறுவனத்தின் பெயர், ஊர், சம்பளம், தங்குமிடம் எல்லாம் எழுத்தில் இங்கேயே கைக்கு வரவேண்டும். ரஷ்ய மொழியில் நீட்டும் எந்தத் தாளிலும், நமக்குத் தெரிந்த ஒருவர் படித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது.